பிங் போகிறது, பில் போகவில்லை

நேற்று ராத்திரி பத்தே காலுக்குக் கடைசி வயரிலும் லேபிள் ஒட்டி, ரேக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். மொத்தம் பன்னிரண்டு நாள். கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் புதிதாக ஒன்று வாங்கி, ஒரு வயருக்குப் புதுக் கனெக்டர் அடித்து, சர்வரை ஆறேழு முறை ரீஸ்டார்ட் செய்து, கடைசியில் பார்த்தால் காரணம் இவற்றில் எதிலுமே இல்லை. மறந்துபோவதற்குள் நடந்த வரிசையில் எழுதிவைக்கிறேன். என்னை மாதிரி பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள கடைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வாரமாவது மிச்சமாகலாம்.

இடம் ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடை. கீழே பில்லிங்குக்கு ஐந்து கம்ப்யூட்டர், மாடியில் கணக்குக்கு ஆறு, ஒரு நெட்வொர்க் பிரிண்டர், கேமராவின் பதிவுப் பெட்டி, ரவுட்டர், சர்வர். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முதலாளி அறையில் மேசைக்கடியில் இருக்கும் சாதாரண டெஸ்க்டாப்தான். உபுண்டு என்ற இலவச லினக்ஸும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸும் போட்டு நான்கு வருடத்துக்கு முன் நானே அமைத்தது. பில்லிங் மென்பொருளின் தரவு எல்லாம் அதில்தான். எல்லா வயரும் மாடிப்படிக்கு மேலே சுவரில் தொங்கும் சின்ன ரேக்கில் 16 போர்ட் ஸ்விட்சுக்கு வந்து சேரும்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் வீட்டு எண் போல இருக்கும் ஐபி முகவரிகளும் நான் வகுத்தவைதான். ரவுட்டர் தானாகக் கொடுப்பது 192.168.1.100 முதல் 199 வரை. 200க்கு மேலே உள்ளவற்றை நான் கையால் போடுவேன். சர்வர் 201, பிரிண்டர் 202, கேமராப் பெட்டி 203. இதே முறையைத்தான் நான் பார்க்கும் எல்லாக் கடைகளிலும் வைத்திருந்தேன்.

புரட்டாசி மூன்றாவது வாரம், வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு முதலாளியின் போன். "தம்பி, பில் போடறப்ப சர்வர் காணோம்னு வருதுங். கொஞ்ச நேரத்துல தானா சரியாகுது, மறுபடி போயிருது. தீபாவளி யாவாரம் ஆரம்பிச்சிருச்சு, வந்துட்டுப் போங்க."

பவானியிலிருந்து கிளம்பிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் நாம் உள்ளே நுழைந்ததும் கோளாறு ஒளிந்துகொள்வது வழக்கம்தானே. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 12.20க்கு மூன்றாம் எண் பில்லிங் கம்ப்யூட்டரில் சர்வருடன் இணைப்பு அறுந்தது என்று பிழைச் செய்தி வந்தது. உடனே அதிலிருந்து சர்வருக்குப் பிங் கொடுத்தேன், அதாவது "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பதில் வருகிறதா எனப் பார்க்கும் சோதனை. போனது! நான்கு பாக்கெட்டுக்கும் பதில் வந்தது. சரி, நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, மைஎஸ்கியூஎல்தான் படுத்துவிட்டது என்று முடிவுகட்டி, மாடிக்கு ஓடிப் போய் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். சரியானது. டேட்டாபேஸ் அமைப்பில் இரண்டு எண்களை ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த இரண்டு எண்களுக்கும் இந்தக் கோளாறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இப்போது தெரிகிறது.

கிளம்பும் முன் ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணா, புதுசா ஏதாவது மாட்டுனீங்களா? கம்ப்யூட்டர், பிரிண்டர், வைஃபை மாதிரி?"

"ஒண்ணும் இல்லீங்க தம்பி. எல்லாம் நீங்க வெச்சது வெச்சபடியே இருக்குதுங்."

அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு முறை போனது. இந்த முறை ஒரு பில்லிங் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குத் தொடர் பிங் ஓடவிட்டேன். நான்கு மணி நேரம், பதினான்காயிரத்துச் சொச்சம் பாக்கெட். இழப்பு பூஜ்யம். அந்த நான்கு மணி நேரத்துக்குள்ளேயே அதே கம்ப்யூட்டரில் ஒரு முறை பில் நின்றது. அப்போதும் பிங் ஓடிக்கொண்டேதான் இருந்தது. பெரும்பாலான பதில்கள் ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்திருந்தன. நடுவில் ஏழெட்டு நிமிட நீளத்துக்கு மட்டும் 2, 3 என்று இருந்தது. அதைப் பார்த்தேன். ஸ்விட்ச் திணறுகிறது என்று நினைத்தேன். பழைய ஸ்விட்ச், ஒன்பது வருடம் ஆகிறது, தொட்டால் சுடுகிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?

சனிக்கிழமை காலை 16 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை ரூ. 4,650 கொடுத்து வாங்கிக்கொண்டு போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். ஒவ்வொரு வயராக எடுத்து அதே வரிசையில் செருகினேன். பதினாறு வயர், பதினாறு போர்ட். வேலையோடு வேலையாக வயர் டெஸ்டரையும் எடுத்து எல்லா வயரையும் சோதித்தேன். முந்நூற்றைம்பது ரூபாய் டெஸ்டர்தான், ஆனால் எத்தனையோ முறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

அங்கேதான் ஒரு போலி வெற்றி கிடைத்தது. மூன்றாம் எண் பில்லிங் வயருக்கு டெஸ்டரில் 7, 8 விளக்குகள் எரியவில்லை. உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் பழுப்பு ஜோடி அறுந்திருக்கிறது. 100 எம்பிபிஎஸ் என்ற குறைந்த வேக இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும் என்பதால் அந்தக் கம்ப்யூட்டர் இத்தனை நாளும் நூறிலேயே ஓடியிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. கனெக்டரை வெட்டிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருந்தது. பக்கத்தில் தண்ணீர் ஃபில்டர் இருக்கிறது, ஈரம்தான் காரணமாக இருக்கும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று வரிசைப்படுத்திப் புதுக் கனெக்டர் அடித்தேன். உறையைப் பதினான்கு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் உரிக்க வேண்டும். அதற்கு மேல் உரித்தால் உறை கனெக்டருக்குள் சிக்காமல் வெளியே நிற்கும், இழுத்தால் கழன்றுவிடும். முதல் முறை அப்படித்தான் ஆனது. இரண்டாவது கனெக்டரில் சரியாக வந்தது. ஒரு ஜிபி ஃபைலை சர்வரிலிருந்து நகலெடுத்துப் பார்த்தேன். முன்பு 92 வினாடி ஆனது 13 வினாடியில் முடிந்தது.

அந்த 13ஐப் பார்த்த சந்தோஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பிவிட்டேன். உண்மையான ஒரு கோளாறைச் சரிசெய்தது என்னவோ வாஸ்தவம்தான். நான் தேடி வந்த கோளாறு அதுவல்ல. சனி ராத்திரி வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஞாயிறு கடை விடுமுறை. ஆக ஒன்றரை நாள் ஓடிற்று, அதுவே எனக்கு ஆதாரமாகிவிட்டது. விடுமுறை நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன் பாருங்கள்.

திங்கள் காலை 10.40க்கு மறுபடி போனது. ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கள் ராத்திரியும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை. வெளியூர் வியாபாரிகள் மூட்டை மூட்டையாக எடுக்கும் நேரம். நான் போனபோது கல்லாவில் கார்பன் வைத்துக் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

செவ்வாய் முழுவதும் சர்வரையே குடைந்தேன். டிஸ்க்கில் இடம் 38 சதவீதம்தான் நிரம்பியிருந்தது. மெமரி தாராளம். ஹார்டுடிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையில் கெட்ட செக்டர் எதுவும் இல்லை. கெர்னல் பதிவிலும் மைஎஸ்கியூஎல் பதிவிலும் செயலிழந்ததற்கான தடயம் இல்லை. இருந்ததெல்லாம், இணைப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போன கம்ப்யூட்டர்களின் பட்டியல்தான். சர்வரைக் கேட்டால் கம்ப்யூட்டர்கள் போய்விட்டன என்கிறது. கம்ப்யூட்டர்களைக் கேட்டால் சர்வர் போய்விட்டது என்கிறது.

மூன்று மணிக்கு மறுபடி நின்றது. அப்போது என் லேப்டாப்பிலிருந்து, தூரத்திலிருந்தே உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் மூலம் சர்வருக்குள் நுழையப் பார்த்தேன். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு, அதாவது இணைப்பை ஏற்க முடியாது, என்று உடனே திருப்பிவிட்டது. இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டினால் பதிலே வராது, காத்திருந்து காத்திருந்து டைம்அவுட் ஆகும். ரெஃப்யூஸ்டு என்றால் உள்ளே ஒருவர் இருக்கிறார், அந்த வாசல் மட்டும் இல்லை என்கிறார். நான் எஸ்எஸ்எச் சேவையும் சேர்ந்து படுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். சர்வரின் திரையில் எஸ்எஸ்எச் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் புத்தி வரவில்லை. ரீஸ்டார்ட் செய்தேன், சரியானது.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது என்பதுதான் என்னை இத்தனை நாள் ஏமாற்றியது.

புதன்கிழமை மதியம் வெளிச்சம் வந்தது, அதுவும் என் திறமையால் இல்லை. பில் போடும் ஒரு பெண் சொன்னார்: "அண்ணா, எனக்கு வரலைன்னா நான் பக்கத்து சிஸ்டத்துல போட்டுக்குவேன். அதுல வரும்." எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தானாம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போவதில்லை. ஒரு கம்ப்யூட்டருக்குச் சர்வர் இல்லை, ஒரு முழம் தள்ளி இருக்கும் இன்னொன்றுக்கு இருக்கிறது. அப்படியானால் சர்வர் பழுதாக இருக்கவே முடியாது. பிங் ஒழுங்காகப் போவதால் வயரும் ஸ்விட்சும்கூட இல்லை.

காத்திருந்தேன். 3.50க்கு இரண்டாம் எண்ணில் நின்றது, ஒன்றாம் எண்ணில் ஓடியது. இரண்டிலும் கட்டளைத் திரையைத் திறந்து ஏஆர்பி பட்டியலைப் பார்த்தேன். எந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டின் மேக் எண்ணுக்கு (தயாரிக்கும்போதே பதிக்கும் அடையாள எண்) சொந்தம் என்று அந்தக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் பட்டியல் அது. ஒன்றாம் எண்ணில் 201க்கு நேராக இருந்த மேக் எண் 47-19 என்று முடிந்தது. இரண்டாம் எண்ணில் அதே 201க்கு நேராக 82-60.

ஒரு முகவரிக்கு இரண்டு ஆள்.

மாடிக்குப் போய் சர்வரின் சொந்த மேக் எண்ணைப் பார்த்தேன். 47-19. அப்படியானால் 82-60 யார்?

லேப்டாப்பில் லினக்ஸ் இருந்ததால் ஏஆர்பிங் என்ற கருவியை ஓட்டினேன். இது சாதாரணப் பிங் இல்லை. தெருவில் நின்றுகொண்டு "201 யாருப்பா?" என்று கத்துவது போல எல்லாரிடமும் கேட்கும்; யார் பதில் சொன்னார்கள் என்று மேக் எண்ணோடு காட்டும். முதல் ஓட்டத்தில் இரண்டு பதில் வந்தது. அப்புறம் தொடர்ந்து ஒரே ஆளிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இன்னொருவர் போய்விட்டாரோ என்று குழம்பிக் கால் மணி நேரம் வீண். உதவிப் பக்கத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது, இந்தக் கருவி முதல் பதில் கிடைத்ததும் கத்துவதை நிறுத்திவிட்டு அந்த ஒருவரிடம் மட்டுமே கேட்கத் தொடங்குமாம். கடைசிவரை எல்லாரிடமும் கேட்கவைக்க கட்டளையோடு பிராட்காஸ்ட் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பதில், 47-19, 82-60, 47-19, 82-60 என்று திரை ஓடியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மேக் எண்ணின் முதல் மூன்று ஜோடிகளை வைத்துத் தயாரிப்பாளரைத் தேடலாம். தேடினேன், பெயர் கிடைக்கவில்லை. அந்த 82-60இல் எந்த வாசல்கள் (ஒவ்வொரு சேவைக்கும் ஓர் எண்) திறந்திருக்கின்றன என்று என்மேப் என்ற கருவியை வைத்துப் பார்த்தேன். லேப்டாப்பில் 201ஐ 82-60க்கு என்று கையால் பூட்டிவிட்டு ஓட்டினால்தான் சரியான ஆளிடம் போகும். 23ம் 4370ம் திறந்திருந்தன. 4370 என்ற எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த நேரத்தில் பொறி தட்டவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்திய பிறகு வேட்டை. என் ஸ்விட்ச் எந்தப் போர்ட்டில் எந்த மேக் எண் என்று காட்டும் ரகம் இல்லை, வெறும் பெட்டி. ஆகவே பழைய வழிதான். லேப்டாப்பை ஒரு போர்ட்டில் மாட்டி ஏஆர்பிங்கை ஓடவிட்டேன். கடைப் பையனை ஏணியில் ஏற்றி ஒவ்வொரு வயராக உருவி, ஐந்து வரை எண்ணி, மறுபடி செருகச் சொன்னேன். திரையில் 82-60 எப்போது நிற்கிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேப்டாப்பை மாட்ட ஒரு காலிப் போர்ட் தேடியபோதுதான் வயிற்றைக் கலக்கியது. காலிப் போர்ட் இல்லை. பில்லிங் ஐந்து, கணக்கு ஆறு, பிரிண்டர், கேமரா, ரவுட்டர், சர்வர். கூட்டினால் பதினைந்து. ஸ்விட்சில் இருப்பது பதினாறு. சனிக்கிழமை புது ஸ்விட்சில் பதினாறு வயரையும் வரிசையாகச் செருகியது நான். அந்தப் பதினாறாவதையும் என் கையாலேயே, நன்றாக 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தியிருக்கிறேன்.

பிரிண்டர் வயரை எடுத்துவிட்டு லேப்டாப்பை மாட்டினேன். பதினோராவது போர்ட்டை உருவியதும் 82-60 நின்றது. செருகியதும் வந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். லேபிள் இல்லாத சாம்பல் நிற வயர். ஃபால்ஸ் சீலிங்குக்குள் போகிறது. எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. வயரில் ஒலி அனுப்பித் தேடும் கருவி என்னிடம் இல்லை (இப்போது ஆர்டர் போட்டிருக்கிறேன், ஆயிரத்துக்குள்தான்). பையன் இந்தப் பக்கம் மெல்ல இழுக்க, நான் டார்ச்சோடு சீலிங்கில் எது அசைகிறது என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். படி தாண்டி, கழிப்பறை தாண்டி, பின்பக்கக் குடோன் கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு இறங்கியது. அங்கே நெஞ்சு உயரத்தில், நீல வெளிச்சத்தோடு, வேலைக்கு வருகிறவர்கள் விரல் வைக்கும் வருகைப் பதிவுக் கருவி.

முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அண்ணா, இது எப்ப வெச்சது?"

"இதுங்களா? வந்து ரெண்டு வாரம் இருக்குமுங். மொதல்ல பென்டிரைவ்ல எடுத்துட்டிருந்தாங்க, அப்பறம் போன்லயே பாக்கலாம்னு ஒயர் இழுத்துக் குடுத்தாங்க. ஏனுங் தம்பி, கைரேகை மிசினுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்னங் சம்பந்தம்?"

4370 ஞாபகம் வந்துவிட்டது. இந்த வகைக் கருவிகளில் பல பேசும் வாசல் அதுதான். அவற்றில் பல, பெட்டியைப் பிரிக்கும்போதே 192.168.1.201 என்ற முகவரியோடு வருகின்றன. மாட்டியவர் ரவுட்டரின் முகவரியை மட்டும் போட்டுவிட்டு, மற்றதை வந்தபடியே விட்டிருக்கிறார். அதைவிடக் கூத்து ஒன்று உண்டு. செல்போன் செயலியில் வருகை சில நேரம் ஏறுவதில்லை என்று முதலாளி அவர்களிடம் புகார் சொல்லியிருக்கிறார். உங்கள் நெட்வொர்க்கில் கோளாறு என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரே பூதத்தை இரண்டு மந்திரவாதிகள் இரண்டு பக்கத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

விட்டு விட்டு வந்தது ஏன் என்பதும் அந்த ராத்திரியே தெளிந்தது. கருவி எப்போதாவதுதான் வெளியே பேசும். பேசுவதற்கு முன் ரவுட்டரைத் தேடி, "நான் 201, ரவுட்டர் எங்கே?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தும். அதைக் கேட்ட கம்ப்யூட்டர்கள், ஓ, 201 இடம் மாறிவிட்டாராக்கும் என்று தங்கள் பட்டியலில் திருத்திக்கொள்ளும். இப்படி முகவரிக்குரிய ஆளைத் தேடும் ஏஆர்பி 1982ல் வகுத்த விதி. யார் என்ன சொன்னாலும் நம்பும், அடையாள அட்டை கேட்காது. அதன் பிறகு பில்லெல்லாம் கைரேகைக் கருவிக்குப் போகும். அதற்கு ஜவுளி பில்லைப் பற்றி என்ன தெரியும், ரெஃப்யூஸ்டு என்று திருப்பிவிடும். பிங்குக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியும், சொல்லும். கொஞ்ச நேரத்தில் சர்வர் ஏதோ ஒரு காரணத்துக்காக ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிடும்போது அவை ஒவ்வொன்றாகச் சரியாகும். ரீஸ்டார்ட் செய்தால் சர்வர் எழுந்ததுமே ரவுட்டரைத் தேடி உரக்கக் கூப்பிடும், எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகும். வெள்ளிக்கிழமை பிங்கில் பார்த்த அந்த 2, 3 மில்லிசெகண்டுகள் ஸ்விட்ச் திணறியது இல்லை. பதில் சொன்னதே கைரேகைக் கருவி.

சர்வரில் விண்டோஸ் இருந்திருந்தால் முகவரி மோதல் என்று 4199 என்ற எண்ணோடு பதிவில் எழுதி வைத்திருக்கும், எதிராளியின் மேக் எண்ணையும் சேர்த்து. என் உபுண்டு வாயே திறக்கவில்லை. லைசென்ஸ் செலவு மிச்சம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, கருவியின் முகவரியை மாற்றினால் முடிந்தது என்று அதன் மெனுவைத் தொட்டேன். அட்மின் விரல் கேட்டது. அட்மின் மேனேஜர். புரட்டாசி சனிக்கிழமைக்கு அவர் திருப்பதிக்குக் கிளம்பியிருந்தார், விரலோடு. பதினோராம் போர்ட் வயரை உருவித் தொங்கவிட்டுவிட்டு, பிரிண்டர் வயரை அதன் இடத்திலேயே மாட்டி வீட்டுக்கு வந்தேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஒரு பில்லும் நிற்கவில்லை. ஞாயிறை இந்த முறை எண்ணவில்லை.

நேற்று, திங்கள், மேனேஜர் லட்டோடு வந்தார். முதல் வேலையாக அவர் விரலை வைத்துக் கருவியை 192.168.1.231க்கு மாற்றினேன். மாற்றும் முன் சர்வரில் ஏஆர்பிவாட்ச் என்ற சின்ன நிரலை நிறுவி, வேண்டுமென்றே ஐந்து நிமிடம் பழைய 201லேயே வயரைச் செருகிப் பார்த்தேன். முகவரியின் மேக் எண் மாறி மாறி வருவதைக் கண்டால் அது பதிவில் ஃபிளிப் ஃபிளாப் என்று எழுதும். உண்மையாகவே அதே வார்த்தைதான். இரண்டு முறை எழுதியது. திருப்தியாக இருந்தது. இனி அப்படி ஒரு வரி வந்தால் எனக்கு மெயில் வரும்.

செலவுக் கணக்கு: ஸ்விட்ச் ரூ. 4,650. கனெக்டர் இரண்டு, ரூ. 20. லேபிள் நாடா ரூ. 280. பவானியிலிருந்து ஏழு நடை, 210 கிலோமீட்டர், பெட்ரோல் ஏறத்தாழ ரூ. 480. இதில் தேவைப்பட்டது லேபிள் நாடா மட்டும். பழைய ஸ்விட்ச் நன்றாகத்தான் இருந்தது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார். கூலியில் ஆயிரம் குறைத்துக்கொண்டேன். அந்த ஸ்விட்சை வாங்கும்போதே இன்னும் இரண்டு மூவாயிரம் சேர்த்திருந்தால் எந்த மேக் எண் எந்தப் போர்ட்டில் என்று காட்டும் ரகமே கிடைத்திருக்கும். ராத்திரியில் பையனை ஏணியில் ஏற்றியிருக்க வேண்டியதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அடுத்த முறை முதலில் செய்யப்போவது காசு செலவில்லாத ஒன்று. சர்வரின் வயரைப் பிடுங்கிவிட்டு அதன் முகவரிக்கு வேறு கம்ப்யூட்டரிலிருந்து பிங் கொடுப்பேன். வயர் இல்லாத சர்வர் பதில் சொன்னால் அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து வினாடி வேலை. முதல் வியாழக்கிழமையே இதைச் செய்திருக்கலாம்.

கேள்வியையும் மாற்றிவிட்டேன். "புதுசா கம்ப்யூட்டர் ஏதாவது?" என்று இனி கேட்கமாட்டேன். "சுவரில் புதுசா எங்கேயாவது ஓட்டை போட்டீங்களா?" என்பேன்.

தீபாவளி முடிந்ததும் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. இந்த 192.168.1 வரிசையையே காலி செய்யப்போகிறேன். கேமரா ஒன்று வந்தால் 1.64 என்று வருகிறது, இன்னொன்று 1.108 என்று வருகிறது, கைரேகைக் கருவி 1.201. ஊரில் உள்ள பெட்டியெல்லாம் பிறக்கும்போதே இந்தத் தெருவில் வீடு எடுத்துக்கொண்டுதான் பிறக்கிறது. 192.168.37 என்று ஒதுக்குப்புறமாகப் போய்விட்டால் புதிதாக வருகிறது எதுவாக இருந்தாலும் வேலை செய்யாமல் நிற்கும், என்னைக் கூப்பிடுவார்கள். ஓசையில்லாமல் மோதாது. அதோடு பில்லிங் மென்பொருளில் பதினொரு கம்ப்யூட்டரிலும் சர்வரை ஐபி எண்ணால்தான் குறிப்பிட்டிருக்கிறேன். ஒரு பெயர் வைத்து, பெயரால் தேடும்படி மாற்ற வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் சோம்பேறித்தனமாக விட்டது, இப்போது பதினொரு இடத்தில் திருத்த வேண்டும்.

அதுவரைக்கும் ரேக் கதவின் உள்பக்கம் ஒரு ஏ4 தாள் ஒட்டியிருக்கிறேன். போர்ட் எண், வயர் எங்கே போகிறது, முகவரி என்ன, எப்போது மாட்டியது என்று நான்கு கட்டம். பதினாறு வரி நிரம்பிவிட்டது, அடியில் நான்கு வரி காலியாக விட்டிருக்கிறேன். முதலாளியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

இன்று காலை ஒன்பதேகாலுக்கு அவரிடமிருந்து போன். மனசு திக்கென்றது.

"பில்லெல்லாம் நல்லா ஓடுதுங் தம்பி. மத்தியானம் குடோனுக்குப் புதுசா எடை மிசின் ஒண்ணு வருது. அதுக்குப் பின்னாடி ஒயர் குத்தற ஓட்டை இருக்குதான்னு கேட்டேன், இருக்குதாம். அதுக்கு என்ன நம்பருங்?"

232 என்றேன். எழுதிக்கொண்டார்.